கிளாஃபிரா அக்காவின் வெறுங்கை

வெள்ளைக்கடல், மார்ச் 9

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? நான் நலம். இதை நம்பிவிட்டு மேலே படி.

செவ்வாயன்று ஆய்வுக்கூடத்துக்கு நட்சத்திரமீன் எடுக்க, உறைந்த கடலில் அறுத்த துளை வழியாக இறங்கினேன். இறங்குமுன் அந்தக் குளிரிலேயே காற்றுக்குழாயில் மூச்சு விட்டுப் பார்த்தது என் தப்பு. மூச்சின் ஈரம் உள்ளே உறைந்து, குழாயின் அடைப்பு மூடமுடியாமல் சிக்கி, பனிக்கு அடியில் போனதும் காற்று நிற்காமல் பீறிட்டது. மாற்றுக் குழாயைக் கவ்விக்கொண்டு இடுப்புக் கயிற்றைச் சுண்டினேன். அடுத்த நொடியே, மேலே கயிறு பிடித்திருந்த கிளாஃபிரா அக்கா என்னை இழுக்கத் தொடங்கிவிட்டாள்.

"தலை தண்ணிக்குள்ள போற வரைக்கும் அதுல மூச்சு விடாதேன்னு சொன்னேன்ல? அவ்வளவு என்னடா அவசரம்?" என்று பனிமேல் ஏற்றித் திட்டினாள்.

கையில் கயிறு இருக்கும்வரை அவள் டீகூடக் குடிக்கமாட்டாள். கையுறை போட்டால் கயிறு சுண்டுவது தெரியாதாம். வலக்கை எப்போதும் வெறுங்கைதான். சிவந்து வெடித்திருக்கிறது.

அவளுக்கு விரல்நுனி திறந்த கம்பளி உறை பின்னி அனுப்பு. துளையில் மறுபடி பனி படர்கிறதாம், உடைக்கக் கூப்பிடுகிறாள். உறையின் அளவுக்கு உன் கையையே வைத்துக்கொள். என்னைப் பிடித்துத் தூக்கியபோது அவள் கை அப்படித்தான் இருந்தது.

உன்
யெஃபிம்