தொண்டை கட்டிய காட்சி

மார்ச் 4

இல்லை, மிமிக்ரி இல்லை. மருந்துக் கடைக்காரரிடம் இதைச் சொல்லிவிட்டு வந்திருக்கலாம். அம்மா இருமல் மருந்து கேட்டதும் அவர் சிரித்தார். "சினிமால வர்ற அந்தம்மா மாதிரியே பேசுறீங்களே. இன்னொரு தடவை சொல்லுங்க." அம்மாவும் சொன்னாள். கழுத்தைச் சாய்த்துக்கூடச் சொன்னாள். தன் குரலையே நடித்துக் காட்டுகிறவளை வேறு எங்கே பார்ப்பது.

அவர் சொன்ன நடிகைக்கு எல்லாப் படங்களிலும் குரல் கொடுத்தது அம்மா. திரையில் பெயர் போட மாட்டார்கள். வெளியே சொல்லக் கூடாது என்பது வாய்ப்பேச்சாகச் செய்த ஒப்பந்தம். ஸ்டூடியோவுக்குப் பின்கதவு வழியாகத்தான் போக வேண்டும். பத்திரிகைக்காரர்கள் நின்றால் வாயைத் திறக்கக் கூடாது.

மார்ச் 9

இந்த நகரத்துச் சினிமாவின் வரலாறு புத்தகமாக வருகிறது. ஒலிப்பதிவு பற்றிய அத்தியாயம் என்னுடையது. முடித்துக் கொடுத்துவிட்டேன். இரண்டு பத்திகளில் அம்மா இருக்கிறாள், பெயரோடு. அச்சில் முதல் முறை.

அவளிடம் சொல்லவில்லை. வந்தபின் காட்டலாம்.

மார்ச் 17

தொகுப்பாசிரியர் கூப்பிட்டார். எனக்குப் பாடம் நடத்திய பேராசிரியர்தான். சிக்கல், ஒரு படத்தில் வரும் மரணப்படுக்கைக் காட்சி. கடைசி வரியில் நடிகையின் குரல் உடையும். அந்த உடைசலைப் பற்றிப் பேராசிரியர் எழுதிய கட்டுரையை வகுப்பில் மனப்பாடமே செய்திருக்கிறோம். நான் எழுதியிருப்பது இவ்வளவுதான்: அன்று அம்மாவுக்குத் தொண்டை கட்டியிருந்தது, ஒலிப்பதிவுக் கூடத்தின் நேரம் வீணாகுமென்று அப்படியே பதிவு செய்துவிட்டார்கள்.

"யார் குரலா இருந்தா என்னம்மா? உணர்ச்சி அவங்களோடது."

"சளி எங்க அம்மாவோடது சார்."

அவர் சிரிக்கவில்லை. புத்தகத்துக்கு முன்னுரை தருவதே அந்த நடிகை. ஒன்று, அந்தப் பத்திகள் போக வேண்டும். இல்லையென்றால் அத்தியாயத்தை வேறு ஒருவர் எழுதுவார்.

மார்ச் 18

எழுத எதுவுமில்லை.

மார்ச் 20

பத்திகளை எடுத்துக்கொள்ளுங்கள், கூடவே என் பெயரையும் எடுத்துவிடுங்கள் என்றேன்.

"உன் இஷ்டம்" என்றார். அவ்வளவுதான்.

கெஞ்சுவார் என்று நினைத்திருந்தேனா? — ஆமாம்.

ஏப்ரல் 2

நடிகைக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை. இனிப் பேச வராதாம். வெளியீட்டு விழாவில் முன்னுரை அவர் குரலில் ஒலிக்க வேண்டுமாம். சிகிச்சைக்கு முன்பே பதிவு செய்தது என்று அறிவித்துக்கொள்வார்களாம். யாரைக் கூப்பிட்டார்கள் என்று வேறு எழுத வேண்டுமா.

போகாதே என்றேன். கத்தினேன். வெட்கமா இல்லையாம்மா உனக்கு, உன்னை ஒரு ஆளாவே மதிக்கலையே அவங்க —

அம்மா கண்ணாடி முன்னால் புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தாள். "இத்தனை வருஷம் கழிச்சும் வேற ஆள் கிடைக்கலை பாத்தியாடி." முகத்தில் அப்படியொரு களை.

பத்திகளைப் பற்றி அப்போதுதான் சொன்னேன்.

"சொல்லக் கூடாதுன்னு ஒத்துக்கிட்டுத்தானே பேசினேன். பேரு உனக்குத்தான் வேண்டியிருக்கு."

பின்கதவு வழியாகவே போய்வந்தாள்.

ஏப்ரல் 11

விழா. பின்வரிசை, அம்மா கேட்டு வாங்கிய இடம். மேடையில் நடிகை கைகூப்பி உட்கார்ந்திருக்க, அரங்கு முழுக்க அம்மா. "என் குரலை நேசித்த உங்களுக்கு" என்ற இடத்தில் லேசாக உடைத்தாள். இந்த முறை சளி இல்லை. பேராசிரியர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கைதட்டல் ஓய்ந்ததும் பக்கத்து நாற்காலிப் பெண் எங்கள் பக்கம் சாய்ந்தாள். "குரல் அப்படியே இருக்குல்ல?"

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அப்படியேதான் இருக்கு." மறைக்காமல், முழுக்குரலில்.

அந்தப் பெண் வியந்து பார்த்தாள். "அட, நீங்க நல்லா மிமிக்ரி பண்றீங்களே."

வீட்டுக்கு வந்ததும் அம்மாவின் தொண்டைக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்தேன்.