துரை வீட்டுக் கம்பளி

இன்று காலை இஸ்திரிப் பெட்டியில் கரி கொஞ்சம் அதிகமாகிவிட்டது. ஈரம் காயாத ஒரு கம்பளிக் கோட்டின் மேல் அதை வைத்துவிட்டு, வாசலில் யாரோ கூப்பிட்டதற்குத் திரும்பினேன். அவ்வளவுதான், கம்பளி பொசுங்கும் வாடை தையல் கடை முழுக்க ஏறிவிட்டது. கோட்டுக்காரனுக்கு என்ன பதில் சொல்வது என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. உன் நினைப்புத்தான் வந்தது. கடைப் பலகையைச் சாத்திவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். நீ படிக்கப்போவதில்லை. உயிரோடு இருந்தபோதும் உனக்குப் படிக்க வராது, உன் பெண்டாட்டிக்குப் போன கடிதமெல்லாம் என் கையெழுத்துத்தானே.

கோப்பி இலையில் மஞ்சள் தூளாய் நோய் படிந்து மலைகள் மொட்டையாகிக்கொண்டிருந்த காலம் அது. தோட்டத்து வெள்ளைக்காரத் துரைமாரில் சிலர் கப்பலேறினார்கள், சிலர் இங்கேயே மண்ணுக்குள் போனார்கள். எப்படிப் போனாலும் பங்களாவில் சாமான் மிஞ்சும், ஏலம் வரும். கண்டி டவுனில் பாதிப் பேருக்கு அதுவே திருவிழா. சிரட்டையில் கோப்பி குடித்தவன் வீட்டிலெல்லாம் பூப்போட்ட பீங்கான் கோப்பை வந்து உட்கார்ந்தது. தோட்டத்து மூட்டைகளை ரயிலடிக்கு ஏற்றிவந்த உன் மாட்டு வண்டிக்கு வேலை குறைந்துபோனது. ஆனால் எந்தப் பங்களாவில் என்றைக்கு ஏலம் என்பது உனக்குத்தான் முதலில் தெரியும்.

கல்யாணமான மறு வருஷமே கடலுக்கு அந்தப் பக்கம் ஊரில் விட்டுவந்தவளை அழைத்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு நாள் திடீரென்று ஆரம்பித்தாய். "இந்தக் குடிசைக்கா?" என்று கேட்டேன். "குடிசைய வீடாக்கிட்டா போச்சு" என்றாய். மாசியும் பங்குனியும்தான் கண்டியில் மண்சுவர் ஒழுங்காகக் காயும். அந்த இரண்டு மாதத்தில் நாம் செய்த கூத்தை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது. பழைய வைக்கோலை இறக்கிவிட்டு, கோப்பிக் கொட்டை காயவைத்துப் பிரித்துப்போட்ட ஸ்டோர் ஒன்றின் தகரத்தைக் கூரைக்கு ஏற்றினோம். ஓட்டை விழுந்த தகரம், ஒவ்வொரு ஓட்டையையும் தாரும் துணியும் வைத்து அடைத்தாய். சுண்ணாம்பு அடித்த அன்று சுவரைவிட உன் மேல்தான் அதிகம் இருந்தது. "மிச்சத்த மாட்டுக்கும் அடிச்சுடு, புள்ளையார் கோயில் தேர்ல கட்டலாம்" என்றேன். விரட்டி விரட்டி என் வேட்டியில் அடித்தாய்.

வேலை பாதியில் இருக்கும்போதே என்னைக் கடிதம் எழுதச் சொன்னாய். வீடு தயார், மழைக்கு முன்னால், தோட்டத்துக்கு ஆள் கூட்டிவரும் ஒரு கங்காணியோடு புறப்பட்டு வா என்று எழுதச் சொன்னாய். "கண்ணாடி ஜன்னலும் இருக்குன்னு எழுது" என்றாய். ஜன்னல் அப்போது கிடையாது. அந்த ஒரு வரிக்காகத்தான் அம்பிட்டியவுக்கு மேலே இருந்த பங்களாவுக்குப் போனோம்.

அந்தப் பங்களாவில் துரை செத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. சாமானை எல்லாம் முற்றத்தில் பரப்பியிருந்தார்கள். கால் ஆடும் கதிரைகள், ரசம் போன கண்ணாடி, கதவு ஒன்று தொலைந்த அலுமாரி. நீ நேராக ஜன்னலிடம் போனாய், நான் துணிக் குவியலிடம் போனேன். அதில்தான் அந்தக் கம்பளி கிடந்தது. வெள்ளையில் நீலக் கரை. தையல்காரன் கை சும்மா இருக்குமா? தொட்டதும் விட மனமில்லை. தோட்டத்தில் கூலியாட்களுக்குக் கொடுப்பார்களே முள் மாதிரிக் கறுப்புக் கம்பளி, அதுவே கம்பளி என்று நினைத்திருந்த கை இது. உன்னைக் கூப்பிட்டுக் காட்டினேன். நீ தயங்கினாய். "வேணாம்டா. தொரை படுத்ததுல நாம எப்பிடிப் படுக்கிறது?" என்றாய்.

அந்த நேரம் பார்த்து அந்த வீட்டுக் குதிரைக்காரன் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னான். "அண்ணே, அத எடுக்காதீங்க. தொரைக்கு வந்தது வெறும் காய்ச்சல் இல்லீங்க. ஒடம்பெல்லாம் முத்துப் போட்டிருந்துச்சு."

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. வேலைக்காரன் ஒருவன் ஆசைப்பட்ட சாமானைப் பற்றிக் கதை கட்டிவிட்டு, ஆள் விலகியதும் தானே அமுக்கிக்கொள்வது ஏலத்தில் வழக்கம்தானே. "போய்யா, ஒனக்கு வேணும்னா நேரா கேளு" என்றேன். நீ அப்போதும் அசையவில்லை. நான் உன் தோளைப் பிடித்துத் திருப்பி பங்களா வாசலைக் காட்டினேன். "அம்மை கண்ட வீடுன்னா வாசல்ல வேப்பிலை இருக்காதா? எங்கயாவது ஒரு கொத்து தெரியுதா பாரு. எம் மூஞ்சியப் பாரு, எனக்குத் தெரியாத அம்மையா?" என்றேன். சின்ன வயதில் ஆத்தா வந்து குழி குழியாக்கிவிட்டுப் போன முகம் இது. அதைக் காட்டினால் யார் எதிர்த்துப் பேசுவார்கள்? நீ கண்ணாடி ஜன்னலை வண்டியில் ஏற்றினாய். கம்பளியை நான் ஏற்றினேன்.

அவள் வருவதற்கு முன்னால் நீயே போர்த்திப் பார் என்று சொன்னதும் நான்தான்.

இரண்டு வாரம் இருக்கும். இடுப்பு வலி என்றாய், ஜன்னல் பதிக்கக் கல் தூக்கியதால் வந்தது என்று எண்ணெய் தேய்த்துவிட்டேன். மூன்றாம் நாள் உன் நெற்றியில் முத்து தெரிந்தது. மாத்தளைப் பக்கமிருந்து வந்த வண்டியில் வேப்பிலை கேட்டு வாங்கி வந்து, நாம் புதிதாக வைத்த வாசல் நிலையில் செருகினேன். கை நிலையில் இருக்கும்போதே எனக்கு உறைத்தது. இதைச் செருக உனக்கு நான் இருந்தேன். அந்தத் துரைக்கு யார் செருகியிருப்பார்கள்? வேப்பிலையையும் அம்மையையும் சேர்த்து நினைக்கிற ஆளா அந்த வீட்டில் இருந்தான்? இருந்தவன் குதிரைக்காரன் ஒருவன்தான், அவனும் வாயால் சொன்னான். ஐயோ, எவ்வளவு பெரிய மடையன் நான்.

தெரு ஒதுங்கிக்கொண்டது. நான் மட்டும் உன்னோடு இருந்தேன், எனக்கு இனி வராது என்ற தைரியத்தில். ஒரு மத்தியானம் கண் திறக்க முடியாமல் கேட்டாய். "அந்தக் குதிரக்காரன் சொன்னது நெசந்தானோடா?"

"சும்மா கெட. ஊரெல்லாம் சுத்துறவன் நீ, எங்க ஒட்டுச்சோ" என்றேன்.

நீ மறுபடி கேட்கவில்லை. "அவ வந்தா உள்ள விடாத. எனக்கு ஒண்ணு ஆனா அந்தக் கம்பளிய எரிச்சுடு" என்று மட்டும் சொன்னாய். என்னைக் குறை சொல்லி ஒரு வார்த்தை இல்லை. திட்டியிருக்கலாம் நீ. நன்றாகத் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

உன்னைப் புதைத்த அன்றே கம்பளியைக் கொல்லையில் வைத்து எரித்தேன். நல்ல கம்பளி லேசில் எரியாது. புகைந்துகொண்டே இருந்தது. இன்று காலையில் கடையில் வந்தது அந்த வாடைதான்.

எட்டாம் நாள் அவள் வந்தாள். மன்னாரிலிருந்து நடந்தே வந்த கூட்டம், கால் வீங்கி, உதடு வெடித்து. தெருமுனையிலேயே மறித்து நின்றேன். "நீங்கதான் கடுதாசி எழுதுற அண்ணனா? அவரு எங்க?" என்றாள். சொன்னேன். அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு, அம்மை எப்படி வந்தது என்று கேட்டாள். "ஏலத்துல செத்த தொரையோட கம்பளியப் பாத்து ஆசப்பட்டு எடுத்துட்டான்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இத்தனை வருஷமாக யோசிக்கிறேன். பயம்தான், வேறென்ன. வழி தெரியாத ஊரில் அவளுக்கு இருந்த ஒரே முகம் என்னுடையது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

திரும்பவும் சுண்ணாம்பு அடித்த பிறகுதான் அவளை வீட்டுக்குள் விட்டேன். இப்போது தோட்டங்களில் கோப்பியைப் பிடுங்கிவிட்டு, காய்ச்சல் மருந்துக்குப் பட்டை உரிக்கிற சிங்கோனா மரம் வைக்கிறார்கள். மிச்சமிருக்கிற ஒரு ஸ்டோரில் அவள் கொட்டை பொறுக்கப் போகிறாள். ஜன்னலைத் தினமும் துடைக்கிறாள். துடைக்கும்போதெல்லாம் உன்னைத் திட்டுகிறாள். "கண்ட துணிக்கு ஆசப்பட்டு என்னத் தனியா விட்டுட்டுப் போனாரே, இப்பிடியும் ஒரு மனுசனா" என்கிறாள். அண்ணன் என்று கூப்பிட்டு, மழையோ வெயிலோ எனக்கும் ஒரு கிண்ணம் குழம்பு கொடுத்துவிடுகிறாள். உண்மையைச் சொன்னால் அந்தக் கிண்ணம் வராது. அதற்காகத்தான் நான் வாயைத் திறக்கவில்லை, உன்னிடம் ஒளிக்க என்ன இருக்கிறது.

போன வாரம் உன் திவசம். காக்கைக்கு வைத்துவிட்டு வந்து எனக்கு இலை போட்டாள். சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"துணியப் பத்தி ஒங்களுக்குத் தெரியாததா? அவரு அத எடுத்தப்ப நீங்களாவது வேணாம்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதாண்ணே?"

இந்த ஒரு தடவையாவது சொல்லிவிட வேண்டும் என்று நிமிர்ந்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொன்னேன் தங்கச்சி. அவந்தான் கேக்கல."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எனக்குச் சோறு போட்டாள். நான் சாப்பிட்டேன்.