எனும் என்று நீ எழுதிய இடங்கள்

இன்று காலை புதுக் கம்ப்யூட்டரில் உன் புரோகிராமைத் திறந்தேன். நீ எழுதிய வரிகளில் பாதிக்கு மேல் பிழை என்று சிவப்புக் கோடு. நாளை பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்தில் தொலைந்த பிள்ளைகளைப் பெற்றோரிடம் சேர்க்கும் பந்தலில் நாளை மாலை இது ஓடியாக வேண்டும். நீ போய் ஏழு மாதம் ஆகிறது. யாரிடம் கேட்பேன்?

"முருகன் எனும் சிறுவன்" என்று மைக்கில் அறிவிப்பார்களே, அதைக் கேட்டுத்தான் பிள்ளையின் பெயர் நிற்கும் இடத்துக்கு 'எனும்' என்று வைத்தாய். ஆங்கில எழுத்தில் நாலே நாலு: ஈ, என், யூ, எம். "நம்ம பேச்சுல எழுதுனா யார் பார்த்தாலும் புரியும்டி" என்றாய். புரிந்தது. வாய்விட்டுப் படிக்க முடிந்த புரோகிராமை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

புதுக் கம்ப்யூட்டரில் இருக்கும் புதுப் பதிப்பில் அந்த நாலெழுத்தைக் கணினி மொழியே தனக்கென்று எடுத்துக்கொண்டுவிட்டது. இனி நாம் பெயராக வைக்கக் கூடாதாம். திடீரென்று ஒன்றும் செய்யவில்லை. பழைய பதிப்பு ஒவ்வொரு முறையும் "அடுத்த பதிப்பில் இது செல்லாது" என்று ஒரு வரி காட்டியது. "எச்சரிக்கைதானே, தப்பு இல்லியே. ஓடுதில்ல? வுடு" என்பாய். கீழ்பென்னாத்தூர் பஸ்ஸிலிருந்து இறங்கி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றபோதும் "கேஸ் டிரபிள்டி. ஜாஸ்தி ஒண்ணும் இல்ல, வுடு" என்றாய். நானும் விட்டேன். இரண்டையும் விட்டேன், பாவி.

பதற்றத்தில், 'எனும்' வரும் இடமெல்லாம் 'பெயர்' என்று மாற்றச் சொல்லி ஒரே தட்டாகத் தட்டினேன். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு. மருந்து தேவைப்படும் பிள்ளைகளுக்கு நீ 'வேணும்' என்று குறித்திருந்தாய். ஆங்கில எழுத்தில் அதன் வாலிலும் அதே நாலெழுத்து! எந்தப் பிள்ளைக்கு மருந்து வேணும் என்ற இடமெல்லாம் 'வ்பெயர்' என்று உளறல் ஆகிவிட்டது. மேசையில் தலை கவிழ்ந்து அழுதேன். பிறகு ஒவ்வொரு வரியாக நானே திருத்தினேன். சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் படித்தால் உன் குரல் கேட்கவில்லை.

மூன்று மணிக்கு ஓடியது. சரிபார்க்க, தொலைந்தவர் என்ற இடத்தில் ஒரு பெயர் தேவைப்பட்டது. யோசிக்காமல் உன் பெயரை அடித்தேன். தேடுபவர் நான். "இன்னும் கெடைக்கல" என்று திரையில் வந்தது. நீ எழுதி வைத்த பதில். இதை அழிக்காவிட்டால் நாளை பந்தலில் முதல் ஆளாக உன்னைத்தான் மைக்கில் கூப்பிடுவார்கள். மணி ஐந்தாகிறது. இன்னும் நான் அழிக்கவில்லை.