‘தற்_’ என்று தொடங்கும் அட்டவணைகள்

03.02.2025, திங்கள்
நீர்முகம் பரிசல் ஓட்டிகள் சங்கத்தின் தரவுத்தளத்துக்குப் பெயரிடல் விதிகளை நான் எழுதிக் கொடுத்து இன்றோடு சரியாக ஐந்து மாதம். அட்டவணைப் பெயர் ஒருமையில் இருக்க வேண்டும். ஆங்கிலச் சொல்லும் பேச்சு வழக்கும் கூடா. ‘தற்_’ (தற்காலிகம்) என்று தொடங்குபவை சோதனைக்கானவை. மாதத்தின் முதல் தேதியன்று அவற்றை அழித்துவிடுவேன்.

கணினி இயக்கும் சுகுணா, விடுப்பில் இருக்கும் பரிசல்காரர்களின் பட்டியலுக்கு ‘லீவு_சொன்னவங்க’ என்று பெயரிட்டிருந்தார். ஒரே பெயரில் மூன்று விதிமீறல். திருப்பி அனுப்பினேன்.

19.02.2025, புதன்
‘விடுப்பாளர்கள்’ என்று மாற்றியிருக்கிறார். பன்மை. மீண்டும் திருப்பினேன். “நீங்களே ஒரு பேரு வெச்சுக் குடுத்துடுங்க சார்” என்றார். மறுத்துவிட்டேன். பழக வேண்டாமா?

01.03.2025, சனி
‘தற்_’ அட்டவணைகள் நான்கையும் அழித்தேன். திறந்து பார்க்கவில்லை. பெயரைக் கண்டே முடிவெடுக்கத்தானே விதி?

07.04.2025, திங்கள்
கை முறிந்து ஓய்விலிருந்த ராஜப்பன் இன்று ஒகேனக்கல் திரும்பினார். அவருடைய 43ஆம் எண் முறையில் வேறொருவர் பரிசல் ஓட்டுகிறார்! சொல்லாமல் அறுபது நாள் வராதவரின் எண், காத்திருப்போரில் முதலில் இருப்பவருக்குப் போய்விடும். 29.03 அன்று கணினிக் கணக்குப்படி தானாகவே நவநீதனுக்குப் போய்விட்டது.

“கை ஒடஞ்ச அன்னிக்கே ஜன்னல்ல வந்து சொல்லிட்டுத்தானுங்க போனேன்” என்கிறார். இங்கே எல்லோரும் விடுப்பைச் சங்க அலுவலக ஜன்னலில் வாயால்தான் சொல்வார்கள், சுகுணா பதிந்துகொள்வார். பட்டியலில் தேடினால் அந்தப் பட்டியலே இல்லை.

08.04.2025, செவ்வாய்
சுகுணா தனியே சொன்னார்: “நீங்க பேரு ஒத்துக்கற வரைக்கும் இருக்கட்டும்னு ‘தற்_’ போட்டு வெச்சிருந்தேன் சார். மார்ச்சுல யாரும் புதுசா லீவு சொல்ல வரல, அதனால தொறந்து பாக்கல.”

சோதனை அட்டவணைகளுக்கு நகல் எடுப்பதில்லை. அதுவும் என் விதியே.

செயலாளர் மதியழகன், “அந்தப் புள்ளைய நிறுத்திட வேண்டியதுதான்” என்றார். அருகில்தான் இருந்தேன். பேசவில்லை. ஏன்?

09.04.2025, புதன்
ரத்த அழுத்தம் 160/95. காரணம் தெரியும்.

10.04.2025, வியாழன்
காலை 10.15 பேருந்தில் போனேன். சங்கக் கூட்டத்தில் எழுந்து, “அழித்தவன் நான். அந்தப் பெண் மீது தவறில்லை” என்றேன். மதியழகன் மின்விசிறியைப் பார்த்தார்.

ராஜப்பன் சிரித்துவிட்டார். “பேரு சரியில்லேன்னு ஆளையே அழிச்சிட்டீங்களே சார்.”

நவநீதன் எண் வில்லையைக் கழற்றி மேசையில் வைத்தான். “ஆறு வருசம் காத்துக் கெடந்தேன். பன்னண்டு நாளுதான் ஓட்டினேனுங்க.”

12.04.2025, சனி
சுகுணாவும் நானும் கரையில் ஆள் ஆளாக விசாரித்தோம். விடுப்புச் சொல்லிப் போனவர்கள் பதினொருவர். என் கையாலேயே எழுதிக்கொண்டேன்.

15.04.2025, செவ்வாய்
சுகுணா புதிய அட்டவணை தொடங்கினார். பெயரை என்னிடம் கேட்கவில்லை: ‘லீவு_சொன்னவங்க’.

முதல் வரி: 43, ராஜப்பன், 27.01.2025.

தேதியை மட்டும் சரிபார்த்தேன்.