ஒரே நாளில் அடைத்த இரண்டு

ஹாலிஃபாக்ஸ்,
12 டிசம்பர் 1976

அன்பு மகள் ஹிலரிக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் சுகம், என் முழங்கால் மட்டும் மழைக்கு முன்பே மழையைச் சொல்லிவிடுகிறது. டொராண்டோவில் பனி கொட்டுகிறதாம், நீ நோய்நொடி இல்லாமல் இருந்தால் அதுவே எங்களுக்குப் போதும்.

செப்டம்பர் கடைசியில் நீ போன் செய்து, விவாகரத்தான கார்டனைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னாயே, மறுநாள்தான் நான் வீட்டில் காய்ச்சிய பீரைப் பாட்டிலில் அடைத்தேன். பாட்டிலுக்கு அரை ஸ்பூன் சர்க்கரை போட்டு, மூடி அடித்து, மாடிப்படிக்கு அடியில் அடுக்கிவிட்டு, நீ சொன்னதில் வந்த கோபம் ஆறாமலே உனக்கு ஒரு கடிதம் எழுதி, தபாலில் போடச் சொல்லி அம்மாவிடம் கொடுத்தேன். இரண்டாம் வாரம் பக்கத்து வீட்டு ஸ்டான்லி வந்து, "என்னப்பா நார்மன், பாட்டிலுக்குக் காவல் காக்கத்தான் பொறந்தியா?" என்று சீண்டினான். ரோஷத்தில் ஒன்றைத் திறந்தேன். பச்சை ஆப்பிள் வாடை, நாக்கெல்லாம் ஈஸ்ட். "இதுக்கு என் பொண்டாட்டி போடுற டீயே தேவலை" என்றான் ஸ்டான்லி. நாற்பது பாட்டிலையும் சாக்கடையில் கொட்டக் கிளம்பினேன். அம்மாதான் மறித்து, "வருஷா வருஷம் இதே கூத்து. அது அடங்கட்டும், நீங்களும் அடங்குங்க" என்றாள். அவள் சொன்னது சரிதான். பாட்டிலுக்குள் ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று பொங்கும், பிறகு தான் உண்டாக்கிய பச்சை வாடையைத் தானே தின்று தீர்த்துவிட்டு அடியில் படியும். அதை அவசரப்படுத்த யாராலும் முடியாது.

என் கடிதத்துக்குப் பதில் வராததால் நீ என்னைத் தலைமுழுகிவிட்டாய் என்றே இருந்தேன். நேற்று மதியம் அம்மா என் முன்னால் ஒரு கிளாஸ் பீரையும், ஒட்டியபடியே இருந்த அந்தக் கடிதத்தையும் வைத்தாள். தபாலில் போடவே இல்லையாம், பாட்டில்களுக்குப் பின்னால் ஒளித்திருக்கிறாள். "ரெண்டும் ஒரே நாள் அடைச்சதுதான். ரெண்டையும் ருசி பாருங்க. அப்புறமும் அனுப்பணும்னா நானே கொண்டுபோய்ப் போடுறேன்" என்றாள். பீர் தெளிந்து, கசப்பு மென்மையாகி, தொண்டையில் இதமாக இறங்கியது. கடிதத்தைப் பிரித்துப் படித்தேன், அது மட்டும் அன்றைக்கு இருந்தபடியே இருந்தது. அதில் ஒரு வரி, எந்தத் தகப்பனும் மகளுக்கு எழுதக் கூடாதது. அது உன் கைக்கு வந்திருந்தால் நீ இனி இந்த வாசலை மிதிக்கவே மாட்டாய். அடுப்பில் போட்டுவிட்டேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஹிலரி.

ஈஸ்டருக்குக் கார்டனையும் கூட்டிக்கொண்டு வா. அவரைப் பிடித்துவிட்டது என்று இன்றைக்கே சொன்னால் அது பொய், எனக்குக் கொஞ்ச நாளாகும். ஆனால் கதவைத் திறப்பது நானாகத்தான் இருப்பேன். இருவரும் நன்றாக இருங்கள், கடவுள் துணையிருக்கட்டும். கம்பளிக் கோட்டு இல்லாமல் வெளியே போகாதே. இந்தக் கடிதத்தை அம்மாவிடம் கொடுக்கவில்லை, நானே நடந்துபோய்ப் போடுகிறேன். இது உனக்கு வந்து சேர வேண்டும்.

உன் அப்பா,
நார்மன்