சிவப்பு கூடிச்சா?

லென்ஸ் டப்பாவைத் திறந்தேன். அதே மருந்து நெடி. "ஆஸ்பத்திரிய ரூமுக்கே கொண்டாந்துட்டான்" என்று திட்ட நீ இல்லை.

இன்றுதான் கண் ஸ்கேன் முடிந்தது. அதற்காக இரண்டு வாரம் லென்ஸைத் தொடவில்லை. என் கருவிழி மெலிந்து கூம்பாகப் புடைக்கிறது. கெட்டி லென்ஸ் அதை அழுத்தித் தட்டையாக்கிவிடும். கழற்றி நாளானால்தான் படத்தில் உண்மை தெரியும். நீ கூட வந்த அந்த ஸ்கேனின்போதும் இது எனக்குத் தெரியும். ஆனால் லென்ஸ் இல்லாமல் மானிட்டரில் ஒரு வரி தெரியாது, ஆபீசில் ரிலீஸ் நெருக்கம். முந்தின நாள்வரை போட்டுக்கொண்டுதான் உன் வண்டியில் வந்தேன். படத்தில் புடைப்பைக் காட்டும் சிவப்பு சுருங்கியிருந்தது. ஆறு மாதம் கழித்து வரச் சொன்னார் டாக்டர். நீ நாற்காலியை விட்டு எழவில்லை.

"நேத்துவரைக்கும் லென்ஸ் போட்டிருந்தான், டாக்டர்."

வெளியே வந்ததும் கத்தினேன். "காட்டிக் குடுத்துட்டியேடா!"

"ஹவ், ஆமா, குடுத்தேன். மெஷினை ஏமாத்துனா உனக்கு மெடல் குத்துவாங்களா?" போலாரத்தில் பிறந்து வளர்ந்தவனின் உருது கலந்த தமிழ்.

லென்ஸைக் கழற்றிவிட்டு மறுபடி வரச் சொன்னார் டாக்டர். அந்த இரண்டு வாரமும் நம் கொண்டாப்பூர் அறையில் என் பக்கத்தில் உட்கார்ந்து, திரையில் வந்த பிழைச் செய்திகளைப் புள்ளி, கமா விடாமல் வாசித்தாய். மறு ஸ்கேனில் சிவப்பு பரவியிருந்தது. விட்டிருந்தால் கருவிழியையே மாற்ற வேண்டியிருக்கும் என்றார்கள். சொட்டு மருந்து விட்டு, ஊதா ஒளி காட்டி, இருந்த கருவிழியை மேலும் புடைக்காமல் இறுக்கிப் பிடித்தார்கள். கண்ணை மட்டும் கசக்கவே கூடாது. என் கை மேலே போனால் தியேட்டரானாலும் பட்டென்று அடிப்பாய். "நக்கோடா, வேணாம்!"

போன மழைக்காலத்தில் டெங்கு வந்து நீ போனாய். நான்கு நாள் காய்ச்சல், அவ்வளவுதான். இன்னும் எனக்குக் கோபம்தான் வருகிறது.

இன்று பழைய படத்தையும் புதியதையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார்கள். மாற்றமில்லை. கண் மேலும் கெடாமல் நின்றுவிட்டது. "கூட யாராவது வந்திருக்காங்களா?" என்று தெலுங்கில் கேட்டார் டெக்னீஷியன். இல்லை என்றேன். ஒவ்வொரு முறையும் வாசலிலேயே "சிவப்பு கூடிச்சா?" என்று கேட்பாயே, அதற்குப் பதில் இருக்கிறது. கேட்கத்தான் ஆளில்லை. ஆட்டோ பிடித்து வந்துவிட்டேன்.

உன்னை அடக்கம் செய்த அன்று எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். நான் முகமெல்லாம் வழிய, கையைப் பாக்கெட்டில் வைத்தபடி நின்றேன்.

இப்போதும் கண் அரிக்கிறது. கை பாதி வழி போய்த் தானாக நிற்கிறது. அடிக்க நீ இல்லை என்று அதற்கு இன்னும் தெரியவில்லை.