இருபத்தாறு எழுத்துப் பூட்டு

கீழ்வேளூர்

அன்பு மகன் ஹஸ்ஸானுக்கு அம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நான் நலம், முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. துபாய் வெயிலில் நீ எப்படி இருக்கிறாய். போனில் சொன்னால் நடுவில் புகுந்து பேசுவாய், அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன், முழுக்கப் படி.

கம்ப்யூட்டர் பாஸ்வேர்டைப் பெரியத்தாவுக்குச் சொல்லிவிடச் சொன்னாய். அவர் உன் அத்தாவோடு கூடப் பிறந்த அண்ணனாகவே இருக்கட்டும், சொல்ல மாட்டேன். நீ வைத்துக் கொடுத்தது உன் பெயரும் பிறந்த வருஷமும்தானே. வாசலில் நின்று உன்னைக் கூப்பிட்டே தொண்டை கட்டிப்போனவள் நான், அந்தப் பெயர் தெரியாதவர் இந்தத் தெருவில் யார். சம்பாவுக்குப் பயிர்க் காப்பீட்டுப் படிவம் எடுக்க வந்த பெரியத்தா, நான் லுஹர் தொழுதுகொண்டிருந்தபோது தானே உட்கார்ந்து முதல் தடவையிலேயே திறந்துவிட்டார். படிவத்தோடு நிறுத்தினாரா, என் பி.ஏ. பாடக் கட்டுரைகளையும் படித்திருக்கிறார். தபால்வழியில் நான் சரித்திரம் படிப்பது உனக்கும் உன் தங்கை அஃப்ரீனுக்கும் மட்டும் தெரிந்த விஷயம். மறுவாரம் பக்கத்து வீட்டுப் பர்வின் நிக்காஹ் விருந்தில், பேரப்புள்ள எடுக்குற வயசுல நம்ம ஹபீபுன்னிசா காலேஜு படிக்குது என்று அவர் சொல்ல, ஆண்கள் பந்தியே சிரித்தது திரைக்கு இந்தப் பக்கம் கேட்டது. அன்று அழுதேன், இனி அழ மாட்டேன்.

வீட்டுக்குள் கிடக்கிற கம்ப்யூட்டருக்கு நாலு எழுத்து போதாதா என்கிறாய். எங்கோ இருக்கிற திருடனுக்கு உன் பெயர் தெரியாது, நம் சொந்தக்காரருக்குத் தெரியுமே. அதனால் நான்கு சொற்களைச் சேர்த்து இருபத்தாறு எழுத்து போட்டிருக்கிறேன். பிள்ளை பெயர் இல்லை, ஊர் இல்லை, நெல் ரகம் இல்லை, ஒன்றுக்கொன்று ஒட்டும் இல்லை உறவும் இல்லை. போன வியாழக்கிழமை பெரியத்தா மறுபடி வந்து அரை மணி நேரம் வாய்விட்டுச் சொல்லிச் சொல்லித் தட்டிப் பார்த்தார், உன் அத்தா பெயர், நாகூர், நம் ஆட்டின் பெயர்கூட. நான் மீன் ஆய்ந்தபடி அடுக்களையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். பொம்பளைக்கு எதுக்கு இவ்ளோ பெரிய பூட்டு, நம்ம வூட்டுக்குள்ள என்ன ரகசியம் என்றார். எந்தப் படிவமானாலும் சொல்லுங்க மச்சான், நானே எடுத்துத் தர்றேன், பாஸ்வேர்டை மட்டும் கேக்காதீங்க என்றேன். நிக்காஹ் ஆகி முப்பத்திரண்டு வருஷத்தில் அவரிடம் நான் முடியாது என்று சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்லிவிட்டு மறுபடி மீனை ஆய உட்கார்ந்தேன்.

உனக்கும் சொல்ல மாட்டேன், கோபித்துக்கொள்ளாதே. வேளாவேளைக்குச் சாப்பிடு, ஏசிக்கு நேராகப் படுக்காதே. பெரியத்தாவுக்கு போன் போட்டு என் பதிலைச் சொல்லிவிடு, மறக்காதே. டிசம்பரில் எனக்குப் பரீட்சை. பாஸ்வேர்டிலிருந்துதான் உன் பெயரை எடுத்தேன், ஐந்து வேளை துஆவிலும் அதுதான் முதலில் வருகிறது. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் பரக்கத்தும் தரட்டும்.

உன் அம்மா,
ஹபீபுன்னிசா,
பி.ஏ. சரித்திரம், இரண்டாம் ஆண்டு